ஆர்.சி.யை எடுங்கள், அந்த 17 குறிகளைப் படியுங்கள்!

தோழர்களே!

காலைச் சவாரி முடித்து ஸ்டாண்டுக்கு வந்திருப்பீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே இதைப் படியுங்கள். படித்து முடித்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராக வண்டிக்குப் போய் ஆர்.சி.யை எடுங்கள். அதில் சேஸிஸ் நம்பர் என்று ஒரு வரி இருக்கும். ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் கலந்த 17 குறிகள். வண்டியில் அடித்திருக்கும் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுப்போமே, அதே நம்பர்தான். திருட்டு வண்டியா என்று பார்க்கப் போலீஸ்காரர் கேட்பார், இன்ஷூரன்ஸ்காரர் கேட்பார், கடன் கொடுத்தவர் கேட்பார். நமக்காக நாம் ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. இனிமேல் படித்தாக வேண்டும். நீங்கள் ஓட்டுகிற வண்டியில் ஆளைக் கொல்லக்கூடிய ஒரு குறை இருக்கிறது, காசு வாங்காமல் அதைச் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி எப்போதோ அறிவித்திருக்கலாம். அந்தச் சேதி உங்களை வந்து சேராமலே போயிருக்கலாம்.

எனக்கு அப்படித்தான் ஆனது.

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரை லீவு நேரம். தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்காட்டுக்கு அழைத்துப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம். பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் கருங்கல்லாக நிற்கிறது. இரண்டு காலையும் வைத்து அழுத்தினாலும் வண்டி வேகம் குறையவில்லை. செகண்ட் கியருக்கு இறக்கி, கை பிரேக்கைப் பல் பல்லாக இழுத்து, மலைப்பக்கத்து மண் சரிவில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் சரிவு இருந்தது. இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டிலிருந்த அம்மா இறங்கி வந்து, "தம்பி, புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல, நீங்க மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். பாட்டிலைப் பிடிக்க என் கை நிற்கவில்லை.

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். பிரேக் பூஸ்டருக்குப் போகிற வேக்வம் ஹோஸ் வாய்ப்பிளந்து கிடந்தது. அவர் சொன்ன வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது. "உங்க மேல தப்பு இல்லண்ணே. இந்த ஹோஸே சரியில்ல. இதே மாடல்ல இது நான் பார்க்கிற நாலாவது வண்டி."

நாலாவது வண்டி. ஒரே ஊரில், ஒரே மெக்கானிக் கையில். அந்த நாலையும் எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹோஸையும் பூஸ்டரையும் என் கைக்காசில் மாற்றிக்கொண்டு சென்னை வந்து, மனசு கேட்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் சேஸிஸ் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "அண்ணே, இதுக்கு ரீகால் ஓப்பன்ல இருக்கே. பதினாலு மாசமா இருக்கு." கடிதம் முதல் உரிமையாளரின் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் வீடு மாறிவிட்டார். வண்டி இரண்டு கை மாறி என்னிடம் வந்திருந்தது. வெளியில் செய்த வேலைக்குப் பணம் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம் கோபம் ஒரு கம்பெனியோடு நின்றுவிடக் கூடாது.

தோழர்களே, முதலில் ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வோம். பத்திரிகைகள் 'இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்று போடுகின்றன. நம் ஆட்களில் பலர் அதைப் படித்துவிட்டு, கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தரும் போலிருக்கிறது, அதெல்லாம் புது வண்டி வாங்கிய பணக்காரர்கள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். விஷயம் அது இல்லை. ரீகால் என்றால் வண்டியைத் திரும்ப அழைப்பது. குறையுள்ள பாகத்தை இலவசமாகப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றி, வண்டியை உங்கள் கையில் திருப்பித் தருவது. பாகத்துக்கும் காசு இல்லை, கூலிக்கும் காசு இல்லை. நீங்கள் முதல் உரிமையாளரா மூன்றாவதா என்பது கணக்கில்லை. சர்வீஸை எல்லாம் வெளியில்தான் செய்தீர்கள் என்பதும் கணக்கில்லை. குறை அந்த சேஸிஸோடு பிறந்தது. சரிசெய்யும் கடமையும் அதோடு போகிறது.

இன்னொன்று. ரீகால் அறிவித்த கம்பெனி மோசமான கம்பெனி என்று நினைக்காதீர்கள். தன் தவறைத் தானே சொல்கிறவனிடம் பேச இடம் இருக்கிறது. பயப்பட வேண்டியது, குறை தெரிந்தும் வாய்திறக்காதவனிடம்தான். அதுபோல, ரீகால் வந்த வண்டி என்று தெரிந்தால் விற்கும்போது விலை விழும் என்று மறைக்கிற தோழர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு ஓட்டுநர்தான். அவரும் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

நம் வண்டிகளுக்கு என்னென்ன வந்திருக்கிறது, பாருங்கள். 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் வண்டிகளை அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டில் கோளாறு இருக்கலாம் என்றார்கள். நவம்பர் முதல் வாரத்திலிருந்துதான் மாற்றித் தருவோம், அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டாதீர்கள் என்றும் சொன்னார்கள். அந்த நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 6-ம் தேதி இரவு பிடித்த மழை விடிவதற்குள் சென்னையை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. அன்று எத்தனை எர்டிகா சவாரி எடுத்தன! தண்ணீரில் இறங்காதே என்ற எச்சரிக்கை அந்த ஓட்டுநர்களில் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்?

2023 ஜனவரியில் அதே கம்பெனி 17,362 வண்டிகளின் ஏர்பேக் கன்ட்ரோலரில் குறை என்று அறிவித்தது. பாகத்தை மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்றது. அந்த ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599. ஸ்டியரிங் டை ராடில் ஒரு பாகம் அரிதாக உடையலாம் என்பது காரணம். ஈகோவை ஓட்டுகிறவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற நம் தோழர்கள், மார்க்கெட்டுக்குச் சரக்கு அடிக்கிற நம் தோழர்கள். டை ராட் உடைந்தால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் வழியே போகும்.

பழைய வண்டிக்காரர்கள் மறைமலைநகர் ஃபோர்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2012-ல் ஃபிகோ, கிளாசிக் வண்டிகளில் 1,28,655-ஐ அழைத்தார்கள். அடுத்த ஆண்டு 1,66,021. ஃபிகோக்கள் இன்றும் மூன்றாம் கை, நாலாம் கை மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலை எல்லாவற்றிலும் முடிந்ததா? நீங்கள் வாங்கியதில் முடிந்ததா?

ஒரு குறை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள டகாட்டாவின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது நம் தட்பவெப்பத்தின் கதையும்கூட. டகாட்டா என்பது ஏர்பேக் செய்த ஜப்பான் கம்பெனி. ஏர்பேக்கை ஊத வைக்க ஸ்டியரிங்குக்குள் ஒரு சின்ன உலோக டப்பா இருக்கும். மோதியதும் அதில் உள்ள மருந்து எரிந்து, கண் சிமிட்டும் நேரத்தில் பையை நிரப்ப வேண்டும். டகாட்டா அதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பாறை உடைக்கிற வெடியில் போடுகிற அதே பொருள். விலை குறைவு. ஆனால் வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து வில்லைகள் நாளடைவில் பொடிந்துபோகும். பொடிந்தது வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். டப்பா தாங்காது. வெடித்துச் சிதறி, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். லேசான மோதலில், சாதாரணமாக இறங்கி நடந்து வர வேண்டியவர்கள் ரத்தம் வடிந்து செத்தார்கள். காயங்களைப் பார்த்த போலீஸார் சிலர் கத்திக்குத்து என்றே நினைத்திருக்கிறார்கள்.

ஹோண்டா 2008-ல் சுமார் 4,000 கார்களை அழைத்ததில் தொடங்கியது அது. அமெரிக்காவில் மட்டும் மாற்ற வேண்டியவை 6 கோடியே 70 லட்சம் டப்பாக்கள் என்று ஆனது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி. அமெரிக்காவில் 28 பேர் இறந்திருக்கிறார்கள். சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் கம்பெனிகளிடம் கொடுத்ததை டகாட்டா 2017-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 100 கோடி டாலர். அதே ஆண்டு ஜூனில் திவால்.

எங்கெல்லாம் ஆபத்து அதிகம் என்று அமெரிக்க அரசு பிரித்தபோது முதல் வரிசையில் வந்தவை ஃபுளோரிடா, டெக்சாஸ், ஹவாய், போர்ட்டோ ரீக்கோ. கடற்கரை, புழுக்கம், வெயில். மலேசியாவிலும் உயிர்கள் போயின. சென்னை எப்படிப்பட்ட ஊர்? தூத்துக்குடி, நாகை, கடலூர் எப்படிப்பட்ட ஊர்கள்? நம் வண்டிக்கு நிழலில் நிறுத்தும் பாக்கியம் உண்டா? பகல் முழுக்க வெட்டவெளியில் வெந்து, இரவு கடற்காற்றில் நனைகிற வண்டிகள் நம்முடையவை. ஹோண்டா இந்தியாவில் இந்த டப்பாக்களுக்காக 2017 ஜனவரியில் 41,580 கார்களையும், 2018 ஜனவரியில் 22,834 கார்களையும் அழைத்தது. சிட்டி, ஜாஸ், அக்கார்டு, சிவிக் என்று போகும் பட்டியல். பழைய சிட்டி வைத்திருக்கிற தோழர்கள் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும். நீங்களாக ஏர்பேக்கைக் கழற்றவோ ஃப்யூஸைப் பிடுங்கவோ வேண்டாம். அது வெடிமருந்து. விபத்தான வண்டியிலிருந்து உருவிய ஏர்பேக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்கவும் வேண்டாம். ஒருவேளை ரீகாலில் இருக்கிற டப்பாவையே காசு கொடுத்து நெஞ்சுக்கு நேராகப் பொருத்திக்கொள்வீர்கள்.

டகாட்டா இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அந்தக் குறை வண்டி பழசாகப் பழசாகத்தான் முற்றும். 2024 ஜனவரியில்கூட அமெரிக்காவில் டொயோட்டா 2003 முதல் 2005 வரை செய்த சுமார் 50,000 வண்டிகளுக்கு 'ஓட்டாதீர்கள்' என்று அவசர எச்சரிக்கை கொடுத்தது. இருபது வருஷ வண்டிகளுக்கு! நம் சட்டம் என்ன சொல்கிறது? ஏழு வயதுக்குள் இருக்கிற வண்டிக்குத்தான் கட்டாய ரீகால்.

சட்டத்தைச் சற்று நின்று பார்ப்போம். இந்தியாவில் பல காலம் ரீகால் என்பது கம்பெனியின் மனசாட்சியைப் பொறுத்த விஷயமாக இருந்தது. 2012-ல் கார் கம்பெனிகளின் சங்கம் தாங்களாக ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டது. விரும்பினால் அழைக்கலாம் என்பதுதான் அதன் பலம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகிற மற்றவர்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை இருந்தால் வண்டிகளை அழைக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். கம்பெனி வண்டியின் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது சரிசெய்து தர வேண்டும். தானாக முன்வந்து குறையைச் சொல்லி அழைத்தால் அபராதம் இல்லை. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. அரசு உத்தரவு போட்டு அழைக்க வைத்தால் அபராதம் 10 லட்சத்தில் தொடங்கி 1 கோடி வரை.

அரசு எப்போது உத்தரவு போடும்? இங்கேதான் தோழர்களே, நன்றாகக் கவனியுங்கள். உரிமையாளர்களின் புகாரால் என்றால், புகார்களின் எண்ணிக்கை ஒரு அளவைத் தொட வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் என்றால் அந்த அளவு ஆயிரத்துக்கும் மேல். புகாரை அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹன் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிய வேண்டியவர் உரிமையாளர்.

ஆயிரத்துக்கும் மேல்! நம் பெடல் கல்லாகிறது, நம் ஸ்டியரிங் இழுக்கிறது, நம் வண்டி ஹைவேயில் நடுவில் நிற்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஸ்டாண்டில் சொல்கிறோம். டீக்கடையில் சொல்கிறோம். மெக்கானிக்கிடம் சொல்கிறோம். அவர் நாலாவது வண்டி என்கிறார். இன்னொரு ஊரில் இன்னொரு மெக்கானிக் ஏழாவது வண்டி என்பார். தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற அந்த நாலையும் ஏழையும் கூட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. கம்பெனியிடம் கணக்கு இருக்கிறது. எந்தப் பாகம் எத்தனை வாரண்டியில் வந்தது என்று அவர்கள் கம்ப்யூட்டரில் பைசா சுத்தமாக இருக்கிறது. நம்மிடம் கணக்கு இல்லை. கணக்கு வைத்திருக்கிறவனுக்கும் வைத்திராதவனுக்கும் நடக்கும் வழக்கில் யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நம் சங்கம் எண்ணத் தொடங்க வேண்டும். இதுதான் என் அறைகூவல். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு நோட்டு. வண்டி மாடல், தயாரித்த மாதமும் ஆண்டும், கிலோமீட்டர், எந்த இடத்தில் என்ன ஆனது, மெக்கானிக் என்ன சொன்னார், பில் நம்பர். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு பையில் கட்டி வையுங்கள். அந்தக் கிழிந்த ஹோஸை நான் சேலத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். இன்று வரை அது உறுத்துகிறது. அது கையில் இருந்திருந்தால் என் பேச்சுக்குச் சாட்சி இருந்திருக்கும். ஒரே மாடலில், ஒரே குறை மூன்று வந்துவிட்டால் மாவட்டத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டம் மாநிலத்துக்குச் சொல்லட்டும். வாஹனில் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும். நம்மில் பாதிப் பேர் அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறவர்கள். சட்டம் உரிமையாளரைத்தான் எண்ணுகிறது, ஸ்டியரிங் பிடிக்கிறவனை எண்ணுவதில்லை. ஓனரிடம் பேசுங்கள். "உங்க வண்டி, என் உசுரு" என்று சொல்லுங்கள். அவர் பெயரில் பதிய வையுங்கள். ஓட்டுநரின் புகாரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அரசிடம் கேட்கும் வேலையை நாம் தொடங்குவோம்.

அரசிடம் கேட்க இன்னும் இருக்கிறது. ஏழு வயது வரம்பை எடு. பழைய வண்டியை ஓட்டுகிறவன் ஏழை என்பதால் அவன் உயிர் மலிவாகிவிடாது. அடுத்தது, சிக்னல் தாண்டினாய், நோ பார்க்கிங்கில் நிறுத்தினாய் என்று செலான் மட்டும் நம் கைபேசிக்குத் தவறாமல் வருகிறதே! வண்டி நாலு கை மாறினாலும் இன்றைய உரிமையாளர் யார் என்று வாஹனுக்குத் தெரிகிறது. கோளாறான சேஸிஸ் நம்பர்கள் எவை என்று கம்பெனிக்குத் தெரிகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் சேதி உரிய ஆளுக்குப் போய்விடும். செலான் வரும் அதே நம்பருக்கு ரீகால் சேதியும் வரட்டும். எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனால் விளக்கையும் ஹாரனையும் பார்க்கிற ஆய்வாளர், ஓப்பன் ரீகால் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பழைய கார் விற்கிற கடைகள் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

ஆப் கம்பெனிகளில் வண்டியை அட்டாச் பண்ணும்போது சீட் கவர் சுத்தமாக இருக்கிறதா, டயர் எப்படி, போட்டோ எப்படி என்று பார்க்கிறார்கள். ரீகாலையும் பார்க்கச் சொல்வோம். பார்த்துவிட்டு நம்மை ஐ.டி. முடக்கி வெளியே தள்ளச் சொல்லவில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டி நிற்கிற நாளுக்கு நமக்குச் சோறு போடுவது யார்? கோளாறைச் செய்தது கம்பெனி, சவாரியை இழப்பது நாமா? ரீகாலுக்கு வண்டி விட்ட நாளுக்கு மாற்று வண்டியோ நாள் படியோ தர வேண்டும் என்பதும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். இது பேராசை இல்லை. ஒரு நாள் சவாரி போனால் அந்த மாதத் தவணை தள்ளிப் போகும் என்ற பயத்தில்தான் நம் ஆட்கள் ரீகாலைத் தெரிந்தும் தள்ளிப் போடுகிறார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ரீகால் அறிவித்தும் சரிசெய்யாத ஒரு வாடகைக் காரில் போன சகோதரிகள் இருவர் இறந்தார்கள். அவர்களின் தாய் விடவில்லை. வருஷக்கணக்கில் அலைந்தார், எதிர்த்து நின்ற கம்பெனிகளையே கடைசியில் தன் பக்கம் வர வைத்தார். 35 கார்களுக்கு மேல் வைத்திருக்கும் வாடகைக் கம்பெனி எதுவும் ரீகால் வேலை முடியாத வண்டியை வாடகைக்கு விடக்கூடாது என்று 2015-ல் சட்டமே வந்தது. அதற்கும் முன்னால், 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் குறைகளைப் புத்தகமாக எழுதியபோது ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறிவாளர்களை ஏவி அவர் அந்தரங்கத்தைத் துருவியது. விஷயம் வெளியே வந்து, 1966-ல் அந்தக் கம்பெனியின் தலைவர் செனட்டில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ரீகால் என்ற உரிமையை யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் தோழர்களே, உங்களிடமும் பேச வேண்டும். ஒரு போல்ட் சரியாக ஏறவில்லை, ஒரு பேட்ச் பாகம் சரியில்லை என்பது உலகத்தில் முதலில் தெரிவது உங்களுக்கு. லைன் நிற்கக் கூடாது என்று மேலே இருந்து வரும் அழுத்தமும் உங்களுக்குத்தான் தெரியும். தென் கொரியாவில் ஹூண்டாயில் பொறியாளராக இருந்த கிம் குவாங்-ஹோ, எஞ்சின் கோளாறைக் கம்பெனி சரியாகக் கையாளவில்லை என்று அமெரிக்க அரசிடம் போய்ச் சொன்னார். வேலை போனது. 2021-ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. குறையைச் சொல்கிற தொழிலாளிக்கு இங்கேயும் அப்படி ஒரு காப்பு வேண்டும் என்று நீங்களும் நாங்களும் சேர்ந்து கேட்போம். நீங்கள் செய்கிற வண்டியைத்தான் நாங்கள் ஓட்டுகிறோம். நம் இரண்டு சங்கங்களும் ஒரே மேடையில் ஏற இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் உங்களைத் தட்டிக் கழித்தால் என்ன செய்வது? ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். பாகம் ஸ்டாக் இல்லை என்றால் அதையே எழுதி, தேதி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். 'செக் பண்ணியாச்சு, ஓ.கே.' என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ரீகால் வேலை முடிந்தது என்று தாளில் வாங்குங்கள். "இது யெல்லோ போர்டு, கமர்ஷியல் வண்டி, நீங்க நுகர்வோரே இல்ல" என்று யாராவது மடக்கினால் அசராதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சொந்த வண்டியைச் சொந்தக் கையால் ஓட்டிப் பிழைக்கிற நீங்கள் நுகர்வோர்தான். 1915 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். சங்கம் கூட நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரவர் ஸ்டாண்டில் கூடுவோம். ஒரு மணி நேரம் சவாரி எடுக்க வேண்டாம். ஆர்.சி.யையும் ஒரு டார்ச்சையும் கொண்டு வாருங்கள். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பிறகு ஸ்மார்ட்போன் கையில் உள்ள பிள்ளைகள் கம்பெனி இணையதளத்தில் ஒவ்வொரு நம்பராக அடிக்கட்டும். இன்னொருவர் நோட்டில் எழுதட்டும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அந்த 17-ல் வராது. வட்டமாக இருந்தால் அது பூஜ்ஜியம், கோடாக இருந்தால் அது ஒன்று. தப்பாக அடித்துவிட்டு 'ஒண்ணும் இல்ல' என்று கிளம்பிவிடாதீர்கள். இணையதளத்தில் பார்க்க வழியில்லாத வண்டிகளின் நம்பர்களைத் தனியாக எழுதி, திங்கட்கிழமை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கேட்போம். ஸ்டாண்டுக்கு வர முடியாத தோழர்களின் வண்டி நம்பரைப் போனில் வாங்கி வையுங்கள். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்குகிறவரை எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லை.

என் ஸ்டாண்டில் முதல் நம்பரை நான் வாசிக்கிறேன். இரண்டாவது உங்களுடையது.